அம்மாவுக்குக் காவல் போன மாலைகள்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்போது நடக்கிறோம். டாக்டர் சொல்லி நடக்கிறோம். பூங்காவில் கல் பதித்த பாதையில், முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பேசிக்கொண்டு. நேற்று ஒரு தோழி, "உனக்கு மட்டும் எப்படிடி நடக்கறது அலுக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். எண்பதுகளில் தாம்பரத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குப் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும். மீதியைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்ற இடத்தில் அப்பா வீடு கட்டியிருந்தார். காலனி என்று பெயர். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது சுண்ணாம்பு அடித்த எல்லைக் கற்களும், முள்வேலியும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளும்தான். கேட்டில் நின்றால் ஏரிக்கரை முழுதும் தெரியும். இடையில் மறைக்க ஒன்றும் இல்லை. விமானப்படைப் பயிற்சி விமானங்கள் காலையில் தலைக்கு மேல் வட்டமிடும். அப்பா சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷன் போய், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பாரிமுனைக்குப் போவார். அங்கே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. அதிகம் பேசாதவர். அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்த வருடம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அம்மாவின் பிரசவத்துக்காக வந்தவர்.

பங்குனியில் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு பகல் முழுதாகக்கூட இருக்கவில்லை. நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா டாக்ஸியில் வந்து இறங்கினாள். அத்தை ஒரு பையை எடுத்துக்கொண்டார். அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் போல முன்னால் கோத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீடு முழுதும் மல்லிகைப்பூ வாசனை. அத்தை தினமும் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பூ வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் ரவிக்கைக்குள் வைத்துக் கட்டுவார். "எனக்கும் குடு" என்று நான் கதவைத் தட்டினேன். அத்தை அதட்டினார். "குடுங்க அண்ணி, குழந்தைதானே" என்று அம்மாவின் குரல் கேட்டது. இரண்டு முழம் பூவை வைத்துக்கொண்டு பெருமையாகப் பள்ளிக்கூடம் போனேன். குடிக்கக் குழந்தை இல்லாத பால் கட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பூ என்று எனக்குத் தெரிந்தது, நானே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த வருடம், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு அவள் மாமியார் பூக் கட்டியபோது. அன்று என் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் பயந்துவிட்டாள்.

அம்மா நடக்க ஆரம்பித்தது சித்திரையில். முதல் நாள் யாருக்கும் சொல்லவில்லை. உலையில் போட வேண்டிய அரிசி முறத்தில் அப்படியே கிடந்தது. அத்தை கிணற்றடி, கொல்லை, பக்கத்து வீடு என்று தேடினார். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா தானாக வந்தாள். நீலப் பட்டை ஹவாய் செருப்பு, காலெல்லாம் புழுதி. முகம் மட்டும் அப்போதுதான் கழுவியது போல இருந்தது.

"எங்கே போயிட்டே?"

"ஏரிக்கரைக்கு, அண்ணி. சும்மா நடந்துட்டு வந்தேன்."

"சும்மாவா? இந்த நேரத்துலயா? தனியாவா?"

அம்மா அரிசியைக் களைய ஆரம்பித்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் அப்பா ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து, என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். குனிந்து என் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பேசினார். அப்படி அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"நாளையிலேர்ந்து நீயும் அம்மாகூட நடக்கப் போ."

"எதுக்குப்பா?"

"துணைக்கு. அம்மா கையை விடக்கூடாது. தண்ணிப் பக்கம் போனா புடவையைப் பிடிச்சு இழு. கத்து. நான் சொன்னேன்னு சொல்லாதே, என்ன?"

அம்மாவுக்குத் தண்ணீர்ப் பாம்பு என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை அது. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து இலை உருவி வைத்துக்கொண்டேன், பாம்பு வந்தால் அடிக்க.

அம்மா வேகமாக நடப்பாள். நான் பாதி ஓடுவேன். சித்திரையில் ஏரி என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. நடுவில் மட்டும் எருமைகள் படுத்துப் படுத்துக் கலக்கிய கொஞ்சம் தண்ணீர். மற்ற இடமெல்லாம் வெடித்த சேறு. வெடிப்புக்குள் கையை விட்டால் அடியில் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். காட்டாமணக்குப் பூக்கள் மட்டும் கரை நெடுக ஊதா நிறத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் அறுவடை முடிந்த வயல். மதகுக்கு முன்னால் கரை திரும்புகிற இடத்தில் ஒரு பனைமரம்; அதன் நிழலில் உட்கார்ந்து நான் நுங்கு தின்பேன். மதகின் மேல் இருந்த கல்லுக்கு வந்ததும் அம்மா நின்றுவிடுவாள். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயல்களைப் பார்த்து, கிழக்கே திரும்பி நிற்பாள்.

"என்னம்மா பாக்கறே?"

"பாக்கல. காத்துக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"வரும் இரு."

கொஞ்ச நேரத்தில் தூரத்தில், வயல்களுக்கு அப்பால் நின்ற மரங்களில் முதலில் ஒரு வரிசை அசையும். பிறகு அடுத்த வரிசை. பிறகு வரப்பில் இருந்த புல். பிறகு அம்மாவின் முந்தானை பின்னால் எழும்பி என் முகத்தில் அடிக்கும்.

"வந்துடுச்சு" என்பாள்.

கடற்காற்று. அம்மா பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினத்தில். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிடங்கு வேலை. சாயங்காலமானால் கிடங்கைப் பூட்டிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கடற்கரையோரமாக நடப்பாராம். தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றுவது, தார் பூசிய கயிற்றின் வாசனை, மழைக்காலத்தில் ஏற்றும் புயல் கூண்டு, கப்பல் ஊதினால் கூடவே ஊளையிடும் நாய்கள். அதையெல்லாம் அம்மா மதகுக் கல்லில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

"அங்க மத்தியானமே வீட்டுக்குள்ள வந்துடும் இந்தக் காத்து. இங்க வந்து சேரவே சாயங்காலம் ஆயிடுது. நாக்கை நீட்டிப் பாரு, உப்பு இருக்கா?"

நாக்கை நீட்டினேன். ஒன்றும் இல்லை. "இருக்கும்மா" என்றேன். அம்மா சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

நாங்கள் கரையில் ஒரே ஒருத்தரைத்தான் வழக்கமாகப் பார்ப்போம். எருமை ஓட்டிக்கொண்டு வரும் ஒரு அம்மா. அந்த ஊர்க்காரர். எங்கள் காலனி இருந்த இடமே அவர்கள் வயலாக இருந்ததுதான்.

"உன் வூடு கீது பாரு, அங்கதான் எங்க களம். நான் கல்யாணம் ஆயி வந்த வருஷம் அங்கதான் நெல்லு காய வெச்சிகினு இருந்தேன்" என்பார், ஏதோ நேற்று நடந்தது போல. கோபமோ வருத்தமோ இருக்காது. அம்மாவைப் பார்த்ததும், "இன்னாம்மா, இன்னிக்கி லேட்டு? உன் காத்து வந்து நின்னுகினு கீது" என்று கிண்டல் செய்வார்.

ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடித்தது. கடற்காற்றை அது உள்ளே விடாது. கண்ணெல்லாம் மண். "இன்னிக்கு வராது" என்று அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்வாள். இருந்தும் போவோம். மதகில் நின்று, வராத காற்றுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்புவோம். ஆவணியில் சாயங்கால இடி மழை. மழை விட்ட கரையில் சிவப்பு வெல்வெட் பூச்சிகள் ஊரும். தீப்பெட்டியில் பிடித்து, பள்ளிக்கூடத்தில் காட்டினேன். புரட்டாசியில் புல் என் இடுப்பு உயரம். அம்மாவின் கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டே நடந்தாள். நடக்கும்போது நான் அவள் கையை விட்டதே இல்லை. அப்பா சொன்னதற்காக என்று ஆரம்பித்தது, பிறகு எனக்கே பிடித்துவிட்டது. சற்றுச் சொரசொரப்பான கை. பாத்திரம் தேய்க்கும் புளியின் மணம் லேசாக இருக்கும்.

ஐப்பசியில் அடைமழை ஆரம்பித்தது. நாலைந்து நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு, மழை சற்று ஓய்ந்த ஒரு மாலை கரைக்குப் போனால் ஏரி பாதி நிரம்பியிருந்தது. பார்த்துப் பழகிய வெடிப்பெல்லாம் தண்ணீருக்கு அடியில். மண்ணும் புல்லும் நனைந்த வாசனை மூக்கை அடைத்தது. எருமைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நேராக என்னிடம்தான் பேசினார்.

"பாப்பா, இனிமே இங்க கூட்டிகினு வராதே. தண்ணி ஏறிகினே கீது. உங்கப்பா என்னாண்ட எவ்ளோ தபா சொல்லிக்கீறாரு தெரியுமா? 'எம் பொண்டாட்டி மேல ஒரு கண்ணு வெச்சிக்கோம்மா, தண்ணியாண்ட போனா சத்தம் குடு'ன்னு. புள்ளைய பறிகுடுத்தவ, மனசு எப்ப இன்னா பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதை அவர் நினைக்கவே இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மாவின் கை என் கைக்குள் அப்படியே இருந்தது. ஆனால் பிடி இல்லை.

"உங்கிட்டயும் சொன்னாரா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

நான் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, வா" என்றாள். அவ்வளவுதான்.

அன்று அப்பாவும் மழை முடிகிற வரை நடக்க வேண்டாம் என்று சொன்னார். அம்மா சரி என்றாள். சண்டை போடவில்லை. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமைத்தாள், துவைத்தாள், திரும்ப ஜன்னலுக்கே வந்தாள். சோறு குழைந்தது, குழம்பில் உப்பு இல்லை. கன்னத்தில் பிடித்திருந்த சதை போய்விட்டது. அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அந்தக் கை ஞாபகம் வராமல் இருந்திருந்தால்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில் வந்தது. காலனியில் எல்லாக் கொடிகளிலும் துணி. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அம்மா முகம் கழுவி, தலை வாரி, ஹவாய் செருப்பை மாட்டினாள். அத்தை வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"எங்கே கிளம்பிட்டே?"

"நடக்க."

"ஏரி ரொம்பிக் கிடக்கு. தம்பி, கொஞ்சம் இங்க வாயேன்!"

அப்பா கை கழுவிய ஈரத்தோடு வந்தார். அம்மா அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நான் சாகத்தான் அங்க போறேன்னு நினைச்சீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"பயமா இருந்தது."

"சித்திரையில ஏரியில முட்டிக்கால் தண்ணி இல்ல. எதுல விழறது? அதைக்கூட யோசிக்கலையா?"

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு நடந்தாத்தான் மூச்சு வருது. அங்க நின்னா கடல் காத்து வருது. அதுக்குத்தான் போனேன். வேற ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுல உக்காந்திருந்தா எல்லாரும் என் வயித்தையே பாக்கற மாதிரி இருக்கு."

"கடல்தானா?" என்றார் அப்பா, அவசரமாக. "முன்னாடியே சொல்லக்கூடாதா? ட்ரெயின்ல கூட்டிட்டுப் போறேன். பீச் ஸ்டேஷன்ல இறங்கினா எதிரிலேயே ஹார்பர்."

"ட்ரெயின்ல போய்ப் பாக்கறது இல்ல. இங்கேர்ந்து நடந்து போகணும். அந்தக் காத்து வர வழியில."

அப்பா நின்று யோசித்தார். "மழை விடட்டும்" என்றார். அத்தை வாசற்படியிலிருந்து நகர்ந்துகொண்டார்.

தை பிறந்ததும் போனோம். விடிகிற நேரத்தில் கிளம்பினோம். அத்தை புளியோதரையை வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அப்பா ஆபீசுக்குப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு வந்தார். மேடவாக்கம் வருவதற்குள்ளேயே அது குதிகாலைக் கடித்துவிட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். பெரும்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சதுப்பு. நான் அவ்வளவு பறவைகளை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. வெள்ளையாக, பழுப்பாக, கறுப்பாக, கொஞ்ச தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கூட்டம் ஒற்றைக் காலில். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனபோது எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. அந்தச் சிறகடிப்புச் சத்தத்தில் நாங்கள் மூன்று பேரும் நடு ரோட்டில் நின்றுவிட்டோம். "ஆபீஸ் போறதுக்கு எதிர்ப்பக்கத்துல இவ்வளவு இருக்கா" என்றார் அப்பா.

சோழிங்கநல்லூர் தாண்டி, கால்வாயைக் கடந்து, சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தபோது சத்தம் கேட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டு ஓடினாள். என் அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. தோப்பு முடிந்து மணல் தெரிந்தது, பிறகு கடல். ஒரு ஆள் இல்லை. இரண்டு கட்டுமரங்கள் மட்டும் மணலில் கிடந்தன.

அம்மா நேராகத் தண்ணீருக்குள் போனாள். கணுக்கால், முட்டிக்கால். புடவை நனைந்து கனத்தது. அப்போதும் நிற்கவில்லை. எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. புடவையைப் பிடித்து இழுக்க ஓடப் பார்த்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு" என்றார். "விடு. அவ வருவா."

பிடி இறுகிக்கொண்டே போனது. என் மணிக்கட்டு வலித்தது. ஆனால் அவர் கூப்பிடவில்லை, ஓர் அடிகூட முன்னால் எடுத்து வைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அம்மா நின்றாள். அலை வரும்போது கொஞ்சம் எழும்பி, போகும்போது கொஞ்சம் இறங்கி, நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, சொட்டச் சொட்ட மணலில் உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குழந்தைய எங்க வெச்சீங்க?"

பங்குனியிலிருந்து தை வரை அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. அப்பா மணலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஏரிக்கரைலதான். மதகுக்கு முன்னாடி கரை திரும்பற இடத்துல, பனைமரத்துக்குக் கீழ."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"யாரும் இல்ல. நானும் குழி வெட்டின ஆளும்தான். நீ தெச்சு வெச்ச வெள்ளைச் சட்டையைப் போட்டுத்தான் கொண்டுபோனேன். பெரிசா இருந்தது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"நீங்க அழவே இல்ல. அதனாலதான் கேக்கல."

அப்பா ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டார். "நீ தினமும் அங்கயே போனியா, யாரோ உனக்கு இடத்தைச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். அங்க போய் உக்காந்து உக்காந்து, ஒரு நாள் அப்படியே தண்ணில இறங்கிடுவியோன்னு..."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அம்மா. "இவ அந்தப் பனை நிழல்லதான் நுங்கு தின்னுவா. நான் பக்கத்துல நின்னு தோலை வாங்கி எறிவேன்." பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "அப்ப தினமும் அவனைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

அப்போதுதான் அப்பா அழுதார். சத்தமாக, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. அம்மா முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைக்கப் போனாள். அது கடல் தண்ணீரில் ஊறியிருந்தது. "வேணாம், கண்ணு எரியும்" என்று சொல்லிவிட்டுக் கையாலேயே துடைத்தாள். எனக்குப் பசித்தது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நான் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வர நடக்கத் தெம்பில்லை. பஸ்ஸில் வந்தோம்.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கரையில் அந்தத் திருப்பம் எங்கே இருந்தது என்று போன மாதம் தேடிப் பார்த்தேன். வீடுகள் நெருக்கி வந்துவிட்டன. என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எருமைக்கார அம்மாவின் பேரன் என்று ஒருவர் அறிமுகமானார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஏங்கத் தோன்றுவது அந்த இடத்துக்காக இல்லை. கடலுக்குப் போய்வந்த மறுநாள் ஒன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

திங்கட்கிழமை அப்பா ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, குதிகாலில் துணி சுற்றியபடி வாசலில் நின்றார். அம்மா தயாராக வந்தாள். நானும் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு நீ வேணாம் கண்ணு. நானும் அப்பாவும் போயிட்டு வரோம்."

"நான்தானே துணைக்கு வரணும்?"

அப்பா வேறு பக்கம் பார்த்தார். அம்மா என் தலையைத் தடவினாள். "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே" என்றாள். பிறகு இரண்டு பேரும் கேட்டைத் திறந்துகொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முன்னால் பேசிக்கொண்டு போவார்கள், நான் பின்னால் வருவேன். அந்தக் கை முழுதாக எனக்கு மட்டும் கிடைத்தது அந்த ஒரு வருடம்தான். அம்மா சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் நானும் வேண்டிக்கொண்டேன். அவள் சரியாகிவிட்டால் எனக்கு வேலை இருக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை உள்ளேயிருந்து வந்து, வழக்கமில்லாத விதமாக என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"எதுக்குடி அழறே? உங்கம்மாவுக்கு இனிமே காவல் வேணாம். நல்ல விஷயம்தானே? வா, தோசை வார்த்துத் தரேன்."

நான் போகவில்லை. காலி மனைகளுக்கு அப்பால் கரைமேல் அவர்கள் இரண்டு பேரும் சின்னதாகத் தெரிந்தார்கள். அப்பா நொண்டி நொண்டி நடந்தார். அம்மா, அவ்வளவு வேகமாக நடக்கிறவள், அவருக்காக நின்று நின்று போனாள். கரை திரும்புகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

இருட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை. நானும் கேட்டை விட்டு நகரவில்லை.